அவர்களின் வயதைக் கடந்த பிறகு எப்படி வாசிப்பது?

முத்தையன்கட்டு நாயனம்

இதைக் கேட்க வேறு இடம் தெரியாததால் இங்கே எழுதுகிறேன். நாயனமோ தவிலோ வாய்ப்பாட்டோ, தொழிலாகச் செய்பவர்கள் பதில் சொன்னால் நல்லது. கேட்பவர்களும் சொல்லலாம்.

நான் 1964 இல் பிறந்தவன். நாயன வித்துவான் காருகுறிச்சி அருணாசலம் மறைந்ததும் அதே ஆண்டுதான். "அருணாசலம் போன வருடம் நீ வந்தாய்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அப்பாவும் நாயனக்காரர். எங்கள் வீட்டில் சாமிப் படங்களோடு டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் படமும் மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பூ வைப்போம். எனக்குப் பத்து வயதானபோது அப்பா என்னை மாங்குளத்தில் ரயில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கோயில் வீதியில் விடியவிடிய மேளச்சமா. அங்கேதான் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டேன். அவருடைய முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பெரியவர்களின் தோள்களுக்கு நடுவே அவருடைய வலக்கை மட்டும் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1975 இல், அவர் போய்விட்டார். 1933 இல் பிறந்தவர்.

இவர்கள் எல்லோருடைய வயதையும் நான் தாண்டிவிட்டேன். தட்சிணாமூர்த்தியின் வயதை 2006 இல் தாண்டினேன், அருணாசலத்தின் வயதை அதற்கடுத்து. அந்த ஆண்டுகளில் இதையெல்லாம் கணக்குப் பார்க்கும் நிலையில் வன்னியில் யார் இருந்தார்கள்? ராஜரத்தினம் பிள்ளை 1956 இல் மறைந்தபோது அவருக்கு 58. எனக்கு 58 ஆனது 2022 இல். மண்ணெண்ணெய் வரிசையில் கானோடு நின்ற ஒரு காலையில் அது திடீரென்று நினைவுக்கு வந்தது. நாங்கள் பூ வைத்துக் கும்பிட்ட அந்தப் பெரிய மனிதர் இப்போது என் வயதுக்காரர். அடுத்த வருடம் எனக்கு இளையவர். வரிசையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் வெயில் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் தந்தார்.

இப்போது 61. மேல்வரிசையில் முன்பல் நான்கு போய்விட்டது. சீவாளி, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் அந்த நாணல் துண்டு, உதட்டில் உட்காரும் இடமே மாறிவிட்டது. பல் கட்டினால் காற்று ஒருபக்கம் கசிகிறது. கழற்றிவிட்டு வாசித்தால் மேல்ஸ்தாயியில் சுரம் நிற்பதில்லை. ஒரே மூச்சில் முடித்த பிடிகளை, ராகத்தின் சுரக்கோவைகளை, இரண்டாக வெட்டி வாசிக்கிறேன். கேட்கும் சனத்துக்கு அது தெரியாது. எனக்கும் என் தவில்காரருக்கும் தெரியும்.

என் கேள்வி இதுதான். நான் யாரைக் கேட்டு வாசிக்கக் கற்றேனோ அவர்களில் ஒருவரும் 61 வயதில் நாயனத்தைத் தொட்டதில்லை. நாற்பதில் எப்படி வாசிக்கலாம் என்பதை அருணாசலத்தின் இசைத்தட்டுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வயதுக்கு யாரைக் கேட்பது? அவர்களுடைய தோடி ராகத்தை அவர்களுடைய வேகத்தில் வாசிக்கப் போய் ஒவ்வொரு திருவிழாவிலும் இளைத்துப்போய் நிற்கிறேன். அதை விட்டுவிட்டு வேறு விதமாக வாசிக்கவும் மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

முள்ளியவளை ஆர்மோனியம்

தம்பி, உங்களை விட நான் ஒன்பது வயது மூத்தவன். காத்தவராயன் கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் ஆர்மோனியம் வாசிக்கிறேன். விரல் மூட்டுகள் வீங்கி, மார்கழிப் பனியில் கட்டைகளின் மேல் விரல் விழுவதே எனக்குத் தெரியாமல் போகிறது. அதனால் உங்கள் பல்லின் கதை எனக்கு விளங்குகிறது.

எனக்குச் சாமி படத்தோடு இருந்தவர் நடிகமணி வைரமுத்து. மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக வந்து பாடியதைக் கேட்டவர்களுக்கு வேறு அரிச்சந்திரன் இல்லை. 1989 இல் அவர் மறைந்தார். அதன்பிறகுதான் அவரை நான் அதிகமாகக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வயர் கொடுத்துக் கசெற் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் நாடா மெதுவாகும். சுருதி அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறங்கிவிடும். ஆள் மாறியதும் மறுபடி ஏறும். ஒருநாள் இரவு மயான காண்டம் ஓடிக்கொண்டிருந்தபோது என் மருமகன் சுற்றிச் சுற்றிக் களைத்துவிட்டான். வைரமுத்துவின் குரல் கீழே, கீழே வந்தது. ஆள் மாற்ற எழுந்தவனை என் மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்படியே விடுங்கள், இப்போதுதான் அந்த மனிதனுக்கு வயது போனது மாதிரி இருக்கிறது" என்றார். மனைவியை விற்று, பிள்ளையை இழந்து, சுடலை காக்கிற ஒருவனின் குரல் அந்த இரவில்தான் எனக்குக் கேட்டது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நாடகக்காரர்கள் உச்சத்தில் பாடினார்கள். இன்று மைக் இருக்கிறது. நீங்கள் எத்தனை கட்டைச் சுருதியில் வாசிக்கிறீர்கள்? இறக்குங்கள்.

குருமன்காடு ரீச்சர்

இந்த இழையை நேற்றிரவு வாசித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. நான் வாய்ப்பாட்டு ஆசிரியை. முல்லைத்தீவில் படிப்பித்தேன், இப்போது வவுனியாவில்.

எங்கள் நாட்டில் ஒரு பாடகி மறைந்தால் அழுவதற்குக்கூட நேரம் கிடைத்ததில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி 2004 டிசெம்பர் 11 ஆம் திகதி மறைந்தார். மாணவிகளைச் சேர்த்து ஒரு சிறிய அஞ்சலிக் கச்சேரி செய்யலாம் என்று திட்டமிட்டோம். பாடசாலை விடுமுறை முடிந்த பிறகு நடத்துவதாகப் பேச்சு. டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. பாட இருந்த பிள்ளைகளில் இருவரை அதன்பிறகு நான் காணவில்லை.

டி. கே. பட்டம்மாள் மறைந்தது 2009 ஜூலை 16. அன்று நான் செட்டிகுளத்தில் முகாமில் இருந்தேன். தண்ணீர் வரிசை, பெயர்ப்பதிவு வரிசை. அவர் இறந்ததை நான் அறிந்தது அடுத்த ஆண்டு. ஒரு வீட்டில் சாமான் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளில் அவருடைய படத்தைப் பார்த்தேன். முகாமில் இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவரைக் கேட்டு நான் படித்தவை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்தே அத்தனை மாதமும் பாடியிருக்கிறேன்.

ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாயனத்தில் வழிகாட்டி இல்லையென்றால் வாய்ப்பாட்டில் தேடுங்கள். செம்மங்குடி 1908 இல் பிறந்து 2003 வரை இருந்தவர். தொண்ணூறைத் தாண்டியும் பாடினார். அவருடைய குரல் இளமையிலேயே கரடுமுரடானது. அதனால் அழகான குரலை நம்பி அவர் பாடவே இல்லை. எந்தப் பிடியை விடலாம், எந்தப் பிடியை விட்டால் அது அந்த ராகமே இல்லை என்பதை அவருடைய பிற்காலத்து ஒலிப்பதிவுகளில் கேட்கலாம். எம். டி. ராமநாதனையும் கேளுங்கள். அவர் 61 வயதுக்குள் மறைந்தவர்தான், ஆனால் இளமையிலிருந்தே கீழான சுருதியையும் விளம்ப காலத்தையும் தாமாகத் தேர்ந்தெடுத்தவர். மெதுவாகப் பாடுவதற்கு வயது போக வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எனக்கு ஐம்பத்தைந்தில் குரல் உடைந்தபோது அவரைக் கேட்டுத்தான் மறுபடி தம்புராவின் முன்னால் உட்கார்ந்தேன்.

ரொறன்ரோவிலிருந்து புதுக்குடியிருப்பான்

நான் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவன். அதற்கு முன் மண்டலின் பழகினேன். காரணம் உங்களுக்கே தெரியும்: மண்டலின் ஸ்ரீநிவாஸ். அவரும் நானும் 1969 இல் பிறந்தவர்கள். கர்நாடக இசைக்கு ஒவ்வாது என்று சொன்ன கருவியில், என் வயதுப் பையன் ஒருவன் கச்சேரி செய்கிறான் என்ற செய்தி என் பதின்மூன்று வயதில் எனக்கு எவ்வளவு பெரிய விடயமாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் யாருக்கும் விளங்காது. 2014 செப்டெம்பரில் அவர் 45 வயதில் மறைந்தார். நான் வேலை முடித்து வந்து காரை விட்டு இறங்காமல் நெடுநேரம் இருந்தேன். மூத்தவர்கள் போவதற்கு மனம் ஓரளவு தயாராக இருக்கும். சமவயதுக்காரர் போனபோது, நான் வாசிக்காமல் கழித்த ஆண்டுகள் எல்லாம் எழுந்து வந்து கணக்குக் கேட்டன.

2017 பெப்ரவரியில் எஸ். ஜி. சாந்தன் போனார். கிளிநொச்சியில் அவர் பாடிக் கேட்டவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. 2021 இல் வர்ண இராமேஸ்வரன் இந்த நகரத்திலேயே மறைந்தார். இரண்டு பேருடைய குரலும் என் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் துணிவு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது.

கீபோர்ட் நிலக்கீழ் அறையில் துணி போர்த்துக் கிடக்கிறது. அண்ணா, நீங்கள் இளைத்தாலும் வாசிக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒட்டுசுட்டான் ஒலிபெருக்கி

எல்லோரும் எழுதியதை வாசித்தேன். எனக்குக் கோபம்தான் வருகிறது, மன்னிக்க வேண்டும். நாற்பது வருடமாகக் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறேன். மேளக்காரர்களோடு மேளக்காரனாகத் தேர்முட்டியில் படுத்து எழும்பியவன்.

"இந்த வயதுக்கு யாரைக் கேட்பது?" என்று நாயனக்காரர் எழுதியிருக்கிறார். நாயன வித்துவான் சாவகச்சேரி பஞ்சாபிகேசன் 1924 இல் பிறந்து 2015 வரை இருந்தார். கிளிநொச்சியிலிருந்து சாவகச்சேரிக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம்? 2009 க்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது. எத்தனை தரம் போனீர்கள்? அருணாசலத்தின் இசைத்தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட காதுக்கு, பக்கத்து ஊரில் தொண்ணூறு வயது வரை வாழ்ந்த ஒரு வித்துவான் ஏன் நினைவுக்கு வரவில்லை? இளமையில் இறந்தவர்களைத்தான் நாங்கள் தெய்வமாக்குகிறோம். வயது போனவர்களை அப்படிப் பார்க்க மாட்டோம்.

போன வருடம் ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், எழுபது வயது தாண்டிய ஒருவரை வெளிவீதியில் மூன்று மணித்தியாலம் நிற்கவைத்தே வாசிக்கச் சொன்னார்கள். இருக்க ஒரு கதிரை கேட்டதற்கு "சுவாமி நிற்கும்போது மேளம் இருக்கலாமா" என்றார்கள். முடிந்ததும் பேசிய காசில் குறைத்துக் கொடுத்தார்கள், முந்தி மாதிரி வாசிப்பு இல்லையாம். அதே கோயில் மண்டபத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் படம் மாலையோடு தொங்குகிறது.

என்னிடம் இருந்த கசெற்றுகளில் நாற்பத்துச் சொச்சத்தை 2009 இல் பொலித்தீனில் கட்டிப் பதுங்குகுழியில் புதைத்தேன். திரும்பி வந்து தோண்டியபோது பெரும்பாலானவற்றில் நாடா ஒட்டிப்போயிருந்தது. பாட்டுத் திரும்பிய ஏழு கசெற்றுகளில் ஐந்து, இறந்துபோன உள்ளூர்க்காரர்களுடையவை. உலகத்தில் வேறெங்கும் அந்த வாசிப்பு இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எங்கள் கிழவர்களை யார் பதிவு செய்தார்கள்?

முத்தையன்கட்டு நாயனம்

ஒலிபெருக்கி அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம். மறுக்க எனக்கு வாயில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அளவெட்டி பத்மநாதன் நல்லூரில் நாயனம் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்குப் பாதை மூடியிருந்தது. 2002 இல் ஏ9 திறந்தது. முதல் வேலையாகப் போய் அவரைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். பிறகு கூரை வேய்வது, மகளின் படிப்பு, அறுவடை என்று ஒவ்வொன்றாக வந்தது. வருகிற நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோம் என்று ஒத்திவைத்தேன். 2003 இல் அவர் மறைந்துவிட்டார். பஞ்சாபிகேசன் விடயத்திலும் அதே தவறு. ஆனால் அங்கே காரணம் வேறு, அதையும் எழுதிவிடுகிறேன். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வரும்போது அப்பாவின் நாயனம் என்னிடம் இல்லை. சட்டைப் பையில் இரண்டு சீவாளி மட்டும் இருந்தது. கருவி இல்லாத நாயனக்காரனாக ஒரு பெரிய வித்துவானின் வாசலில் போய் நிற்க வெட்கப்பட்டேன். கடன்பட்டு ஒரு கருவி வாங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. பிறகாவது போயிருக்கலாம். போகவில்லை.

ஆர்மோனியம் அண்ணாவுக்கு: இரண்டரைக் கட்டை. அப்பாவின் கருவி அது. புதிதாக வாங்கியபோதும் அதே சுருதியில்தான் கேட்டு வாங்கினேன். இறக்கினால் அப்பாவை விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் உங்கள் மாமியாரின் சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால், ராஜரத்தினம் பிள்ளையே சுருதியை இறக்கியவர்தான். அவருக்கு முன்னால் எல்லோரும் குட்டையான திமிரி நாயனத்தில் உச்சத்தில் வாசித்தார்கள். நீளமான பாரி நாயனத்தை நரசிங்கம்பேட்டை ஆசாரியாரோடு சேர்ந்து செய்வித்து, கீழான சுருதிக்கு நாயனத்தைக் கொண்டுவந்தவர் அவர். கீழே வந்ததால்தான் அந்தத் தோடிக்கு அவ்வளவு இடம் கிடைத்தது. ஐம்பது வருடமாக அவருடைய விரலைக் கேட்டேன். அவர் செய்த அந்த முடிவைக் கவனிக்கவே இல்லை.

பரந்தன் தவில்

எனக்கு 23 வயது. மூத்தவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் எவரையும் நான் நேரில் கேட்டதில்லை. தட்சிணாமூர்த்தியை எனக்குத் தெரிந்தது இரைச்சல் நிறைந்த ஒலிப்பதிவுகளில்தான். என் நண்பர்கள் அவற்றைக் கேட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். திருவிழாவில் நாயனக்காரருக்கு மூச்சு வாங்கினாலும் தவில் நிற்பதில்லை. நானும் அப்படி வாசித்திருக்கிறேன். போன ஆவணியில் ஒரு கோயிலில் ஒரு வயதான ஐயாவுக்கு வாசித்தேன். பல்லவியில் நான் காலத்தைக் கூட்டியபோது அவர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. அது நீங்கள்தானா என்றுகூட இதை வாசிக்கும்போது பயந்தேன்.

வயது போன நாயனக்காரருக்கு எப்படி வாசிக்க வேண்டும்? இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

முத்தையன்கட்டு நாயனம்

தம்பி, அது நான் இல்லை. ஆனால் அந்தப் பார்வையை நானும் பார்த்திருப்பேன்.

என் தவில்காரருக்கும் எனக்கும் முப்பது வருடப் பழக்கம். அவர் செய்வதைச் சொல்கிறேன். நான் ஒரு பிடியை முடிக்கும் இடத்துக்கு முன்னாலேயே என் தோள் ஏறும். மூச்சு முடியப்போகிறது என்று அர்த்தம். அவர் நாயனத்தைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பார். உடனே வலந்தலையில் சின்னதாக ஒரு சொல்லைத் தொடங்கி, நான் காற்று எடுத்து முடிக்கும் வரை நீட்டி, தாளம் தொடங்கும் சமத்தில் என்னிடம் தருவார். சனம் அதை அவருடைய கற்பனை என்று நினைத்துத் தலையாட்டும். வெளிவீதியில் தெற்கு வாசல் வரும்போது எனக்குக் களைப்பு வரும் என்பது தெரிந்து, அந்த இடத்தில் தவில் மட்டும் வாசிக்கும் தனியைத் தொடங்கிவிடுவார். நான் கேட்டதே இல்லை. அவருக்கும் இப்போது 66 வயது. வலது தோளில் வார் அறுத்த தழும்பு புண்ணாகிவிட்டது. குச்சி பிடிக்கும் கை நடுங்கும்போது நான் கீர்த்தனையை விட்டு ராகத்துக்குப் போய்விடுவேன், அவர் கையைத் தளர்த்திக்கொள்ள.

தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவை மறுபடி கேள். தனியைத் தள்ளிவைத்துவிட்டு, நாயனக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேள். எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று எண்ணிப் பார். நானும் 61 வயதில்தான் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் ஒலிபெருக்கி

நேற்றுக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். கருவி இழந்த கதை எனக்குத் தெரியாது. அடுத்த வாசிப்பு எங்கே என்று சொல்லுங்கள். இரண்டு நல்ல மைக்கும் பதிவுக் கருவியும் கொண்டுவருகிறேன். காசு வேண்டாம். இருக்கக் கதிரையும் என் வாகனத்தில் வரும், பார்த்துக்கொள்கிறேன்.

குருமன்காடு ரீச்சர்

பதிவு செய்தால் எனக்கு ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட இந்த மண்ணில் வாசித்தது ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து புதுக்குடியிருப்பான்

எனக்கும். இன்று காலை கீபோர்டின் துணியை எடுத்தேன். இரண்டு கட்டைகள் இறங்கி எழும்பவில்லை. திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

முத்தையன்கட்டு நாயனம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கட்டை நாயனம் ஒன்று யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் இரவலாகக் கிடைத்திருக்கிறது. நான்கு நாளாக வாசிக்கிறேன். துளைகளுக்கு இடையில் தூரம் கூடியதால் விரல் இன்னும் பழகவில்லை. ஆனால் அப்பாவின் சீவாளி ஒன்று, சட்டைப் பையில் வந்த இரண்டில் ஒன்று, அதில் வெடிப்பில்லாமல் பேசுகிறது. நேற்று மாலை தோடியை மந்தரத்தில், கீழ்ஸ்தாயியில், தொடங்கி அங்கேயே அரை மணித்தியாலம் இருந்தேன். மேலே போகவே தோன்றவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்து வாசலில் இருந்து கேட்டாள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு இந்த முறை போகிறோம். அதற்கு முன்னால் முள்ளியவளையில் ஒரு சிறிய கோயிலில் ஒருநாள் வாசிப்பு இருக்கிறது. பதிவு அங்கே செய்யலாம், சனம் குறைவு, இரைச்சலும் குறைவு.

பரந்தன் தம்பி, என் தவில்காரர் அன்று பாதி நேரம்தான் வாசிப்பார். மற்றப் பாதிக்கு நீ வா. காலை ஐந்து மணிக்கே வந்துவிடு, முதலில் அவருக்குப் பக்கத்தில் தாளத்தோடு இருந்து என் தோளைப் பார்.